மொஸ்கோ சண்முகலிங்கம் தாரூசாவான வரலாறு

ரொறன்ரோவில் சண்முகலிங்கம் என்று மட்டும் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. ரெலிபோனில் அப்படித் தன்னை அறிமுகம் செய்பவருக்கு மறுமுனையிலிருந்து 'எந்தச் சண்முகலிங்கம்?' என்ற கேள்வி வரும். ஆகவே ஊரிலிருந்து உடுத்த உடுப்போடு ஓடிவந்த நம்மவர்கள், பட்டப்பெயர் வைக்கும் வழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பழைய குளிர்சாதனப் பெட்டிகளைத் திருத்தி விற்றவர் பிறிஜ் சண்முகலிங்கம். கனடா வந்து சேருமுன் மூன்று தேசத்துச் சிறைகளில் இருந்து பார்த்தவர் மறியல் சண்முகலிங்கம். இந்தச் சரித்திரத்தின் நாயகர் மொஸ்கோ சண்முகலிங்கம்.

பிறிஜ்ஜையும் மறியலையும் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லலாம். மொஸ்கோ என்பது முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய பட்டம். மகள் பிரதீபாவின் கலியாண அழைப்பிதழில் தகப்பன் பெயருக்கு முன்னால் அது அச்சிலேயே வந்தது. கோயில் வாசலில், மரணவீட்டில், தமிழ்க் கடையின் மரக்கறித் தட்டுக்கு முன்னால், 'மொஸ்கோ அண்ணை' என்று ஒருவர் கூப்பிட்டால் அவருடைய முதுகு தானாக நிமிரும். அந்தப் பட்டம் போனால் அவர் வெறும் சண்முகலிங்கம். அதாவது, எந்தச் சண்முகலிங்கம்?

இதில் ஒரேயொரு குறைதான் இருந்தது. அவர் மொஸ்கோவைக் கண்டதில்லை.

பட்டம் கிடைத்த விதம் இது. கரவெட்டியில் தபால் கந்தோரில் வேலை பார்த்த காலத்தில் அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பருத்தித்துறை பஸ் டிப்போவில் வேலை செய்த பொன்னம்பலமும் அதே கட்சி. பெண்பிள்ளைகளுக்குச் சைவப் புராணத்திலிருந்து பெயர் வைத்து முடித்த பிறகு மார்க்ஸைப் படித்த ஒரு வாத்தியார், மூத்தவள் மங்கையற்கரசியைச் சண்முகலிங்கத்துக்கும் இளையவள் திலகவதியைப் பொன்னம்பலத்துக்கும் கொள்கைக்காகக் கட்டிக்கொடுத்தார். ஒரே கட்சி, ஒரே வீடு, ஒரே மாமனார். மாலை நேரத்தில் சகலன்மார் இருவரும் ஒரே சைக்கிளில் கூட்டத்துக்குப் போனார்கள்.

பிறகு சோவியத்தும் சீனாவும் முறைத்துக்கொண்டன. உலகத்தில் பல தேசங்களில் கட்சிகள் உடைந்தன. கரவெட்டியில் கூடுதலாக, ஒரே அடுப்பு எரிந்த ஒரு குசினியும் உடைந்தது. சண்முகலிங்கம் மொஸ்கோப் பக்கம் நின்றார். பொன்னம்பலம் பீக்கிங் பக்கம் போனார். சைக்கிள் யாருடையது என்பதில் தொடங்கிய வாக்குவாதம், உலகப் புரட்சி எந்த வழியால் வரும் என்பதில் போய் நின்றது. அன்று முதல் ஊர் ஒருவரை மொஸ்கோ என்றும் மற்றவரைப் பீக்கிங் என்றும் அழைத்தது. அன்று முதல் இருவரும் நேருக்கு நேர் பேசுவதையும் நிறுத்தினார்கள். சொல்ல வேண்டியதை மனைவிமார் மூலம் சொல்லியனுப்பினார்கள். அந்த ஆளைக் குறிக்கும் 'உவர்' என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு நஞ்சை அடைக்கலாம் என்பதைத் தமிழ் அந்த வீட்டில்தான் அறிந்துகொண்டது.

பிள்ளைகள் பெற்றோரைக் கனடாவுக்கு எடுத்து, ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் சேர்ந்து ஒரு வீடு வாங்கியபோது, அக்காவும் தங்கையும் ஒன்றாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு ஏற்பாடு செய்தார்கள். மேலே மொஸ்கோ. பேஸ்மன்ரில் பீக்கிங். சோவியத் யூனியன் அதற்குள் இல்லாமற் போயிருந்தது. சீனா டொலர் கடைகளுக்குப் பிளாஸ்ரிக் பூ அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு வல்லரசுகளும் கைவிட்ட சண்டையை ஒரு வீடு பொறுப்பேற்று நடத்தியது. வீட்டைச் சூடாக்கும் கருவியின் விசை மேல்வீட்டுச் சுவரில் இருந்தது. மொஸ்கோ அதைக் குறைத்து வைப்பார். பீக்கிங் கீழே கம்பளிக்குள் சுருண்டு, கூட்டுகிற தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார். பனிப்போர் என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் தெரிய வேண்டுமானால் தை மாதத்தில் அங்கே போயிருக்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு சமநிலையோடு நடந்துகொண்டிருந்தது. அதைக் குலைத்தது ஏஜென்சிப் பொடியன்கள்.

அந்த வருடங்களில் கனடாவுக்கு வந்த இளைஞர்களில் பாதிப்பேர் ஏஜென்சிக்காரர்களால் மொஸ்கோவில் இறக்கப்பட்டு, மாதக்கணக்கில் அடுக்குமாடி அறைகளில் அடைபட்டுக் கிடந்தவர்கள். எந்த நிலக்கீழ் ரயில் நிலையத்தில் பொலிஸ் நிற்பான், எந்தச் சந்தையில் கோழிக்கால் மலிவு என்பதெல்லாம் அவர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. ஒரு கலியாண மண்டபத்தில் றொய்சன் என்ற மன்னார்ப் பொடியனுக்குச் சண்முகலிங்கத்தை 'மொஸ்கோ அங்கிள்' என்று யாரோ அறிமுகம் செய்தார்கள். றொய்சனின் முகம் மலர்ந்தது.

“அங்கிள், நீங்கள் எந்த ஏஜென்சியாலை வந்தனீங்கள்?”

சண்முகலிங்கம் தான் கொழும்பிலிருந்து நேரே விசாவோடு வந்ததாகச் சொன்னார். றொய்சன் குழம்பிப்போய், அப்படியென்றால் மொஸ்கோவில் எங்கே தங்கினீர்கள் என்று கேட்டான். கேள்வியில் கபடம் இல்லை. அடுத்த மேசையில் இருந்த பொன்னம்பலத்தின் சிரிப்பில் இருந்தது. அவர் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்கடுத்த வாரமே 'மொஸ்கோவைக் காணாத மொஸ்கோ' என்ற சொற்றொடர் பேஸ்மன்ரில் தயாராகி அஜின்கோர்ட் முழுவதும் விநியோகமாகியது.

சண்முகலிங்கம் ரஷ்யாவுக்குப் போவதென்று தீர்மானித்தார். மொஸ்கோ நகரத்தைப் பார்ப்பதில் இனிப் பிரயோசனம் இல்லை. அதை அகதிப் பொடியன்கள் பார்த்துக் கழித்துவிட்டார்கள். அவர் போக நினைத்தது வேறோர் ஊர். அதன் படம் அவருடைய ஹோலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

அந்தக் காலத்தில் மொஸ்கோவில் அச்சாகி ஒரு தமிழ்ச் சஞ்சிகை யாழ்ப்பாணத்துக்கு வரும். வழவழப்பான தாள். பெரும்பாலான வீடுகளில் அது பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு உறை போடப் பயன்பட்டது. சண்முகலிங்கம் மட்டும் வாசித்தார். அதிலிருந்து வெட்டி எடுத்த படத்தில் ஓர் ஆறு, ஆற்றங்கரையில் புல் மூடிய ஒரு மண்மேடு, மேட்டில் கையை அசைக்கும் ஒரு பெண். கீழே இரண்டு வரி: 'பழம்பெரும் ரூசா நகரம். மொஸ்கோவுக்கு மேற்கே, நாஜிகளை எதிர்த்து நின்ற மண்.'

அந்த 'ரூ'வில்தான் விஷயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் நாங்கள் ஆங்கிலச் சொற்களை எழுதும்போது 'ரீ' (T) என்ற எழுத்தின் ஓசைக்கு ர போடுவோம். ரயர், ரீவி, ரெலிபோன், ஏன், ரொறன்ரோவே அப்படித்தான் தொடங்குகிறது. இந்தியத் தமிழருக்கு அது தெரியாது. அவர்களுக்கு ர என்றால் ரதத்தில் வரும் ர. சஞ்சிகையைத் தமிழாக்கியவர் மெட்றாஸ்காரர். அவர் ரதத்து ர போட்டார். சண்முகலிங்கம் அதை ரயர் ர என்று வாசித்தார். முப்பது வருடமாக அந்த ஊரை, மெட்றாஸ்காரர் 'டூசா' என்று எழுதக்கூடிய விதத்தில், உச்சரித்தார். திருத்துவதற்குக் கரவெட்டியில் ரஷ்யர் எவரும் இருக்கவில்லை.

பிரதீபா தகப்பனுக்கு அறுபதாம் கலியாணம் செய்யவிருந்தாள். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் ஐயரிடம் பேசி, மங்கையற்கரசிக்குக் கூறைச் சேலையும் பார்த்தாகிவிட்டது. பொருள்முதல்வாதியான தான் ஐயருக்கு முன்னால் இன்னொரு முறை இருக்கப்போவதில்லை என்றும், அந்தச் செலவில் தன்னையும் மனைவியையும் ரூசாவுக்கு அனுப்பும்படியும் சண்முகலிங்கம் அறிவித்தார். முதல் முறை ஐயருக்கு முன்னால்தானே இருந்தவர் என்று மங்கையற்கரசி கேட்டார். அது சரித்திர நிர்ப்பந்தம் என்று பதில் வந்தது. கூறைச் சேலை கடைக்குத் திரும்பிப் போனது. மங்கையற்கரசி அதை மறக்கவில்லை.

பாதர்ஸ்ற் வீதியில் ரஷ்யக் குடியேறிகள் நடத்திய பயணக் கந்தோர் ஒன்று இருந்தது. சண்முகலிங்கம் அங்கே போய், ரயரின் ஓசையை நன்றாக அழுத்தி, ஊரின் பெயரைச் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அப்படி ஓர் ஊர் இல்லை என்றாள். அவர் இருக்கிறது என்றார். ஆற்றங்கரையில், பழைய ஊர், சின்ன ஊர். அவள் யோசித்துவிட்டு, தாரூசாவா என்று கேட்டாள். சண்முகலிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மொழிபெயர்த்த மெட்றாஸ்காரன் நடுவில் ஓர் எழுத்தை விழுங்கியிருக்கிறான். அவர் பெருந்தன்மையோடு தலையாட்டினார்.

தாரூசா மொஸ்கோவுக்குத் தெற்கே இருக்கிறது.

1996 ஆடி மாதத்தில் அவர்கள் அங்கே ஒரு வாரம் தங்கினார்கள். மொஸ்கோவிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போன வழிகாட்டியின் பெயர் வலன்ரீனா. ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள். பேச விருப்பமில்லாதபோது இன்னும் நன்றாகப் பேசுவாள். ஊர் அழகானது. சரிவில் இறங்கும் மரவீடுகள், செதுக்கிய யன்னல் சட்டங்கள், வேலியெல்லாம் பூ, கீழே அகன்று கிடக்கும் ஒக்கா ஆறு. ஆற்றுக்கு அப்பால் ஓர் ஓவியர் வாழ்ந்த வீடு. சதுக்கத்தில் ஒரு லெனின். சண்முகலிங்கம் லெனினுக்கு முன்னால் நின்று முஷ்டியை உயர்த்தி, பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த கிழவியிடம் 'தவாரிஷ்' என்றார். தோழர் என்று அர்த்தம். கிழவி நீளமாக ஏதோ சொன்னாள். வலன்ரீனா முதலில் மொழிபெயர்க்க மறுத்தாள். வற்புறுத்தியபோது, சிலை வேண்டுமானால் இன்றைக்கே ஏற்றிக்கொண்டு போகலாம், தூக்கிவிடத் தன் மகன்மாரை அனுப்புவதாகக் கிழவி சொல்கிறாள் என்றாள்.

இரண்டாம் நாள் அவர் மண்மேட்டைத் தேடினார். இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தேவாலயம் நின்றது. புதிய அரசாங்கம் மேட்டை இடித்துத் தேவாலயம் கட்டிவிட்டது என்று அவர் முடிவுசெய்தார். தேவாலயம் முந்நூறு வருடம் பழையது என்று வலன்ரீனா சொன்னாள். முதலாளித்துவம் எதையும் பழசாகக் காட்டும் என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் அவரோடு வாதிடவில்லை. மங்கையற்கரசி தேவாலயத்துக்குள் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றி, பெயர் தெரியாத அந்தத் தெய்வத்திடம் கணவரைப் பற்றி முறைப்பாடு செய்தார். வீடியோக் கமரா அவருடைய கையில்தான் இருந்தது. லெனினை எடு என்று கணவர் சொன்னபோதெல்லாம் அவர் பூனை, பூ, கோபுரம் என்பவற்றை எடுத்தார். சண்முகலிங்கம் பல காட்சிகளில் தோளாகவும் இரண்டு காட்சிகளில் தொப்பியாகவும் இடம்பெற்றார்.

ஊர் திரும்பியதும் புரட்டாசியில் வீடியோ காட்டும் நாள் குறிக்கப்பட்டது. ஊர்ச்சங்கத்தார் எல்லோருக்கும் அழைப்பு. றொய்சனுக்கும் அழைப்பு. தங்கைக்கு மங்கையற்கரசி சொன்னார். திலகவதி பேஸ்மன்ருக்குப் போய்ச் சொன்னார். பீக்கிங் வருவதாக ஒப்புக்கொண்டது எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது. அவர் ஆடி மாதம் முழுவதும் அஜின்கோர்ட் நூல்நிலையத்தில் உலகப்படங்களுக்கு முன்னால் இருந்த விஷயம் ஒருவருக்கும் தெரியாது. முதலில் ஊரை 'ரீ' எழுத்தில் தேடினார். கிடைக்கவில்லை. அப்படியோர் ஊரே இல்லை என்று சந்தோஷப்பட்டவர், சந்தோஷத்தை உறுதிசெய்வதற்காக 'ஆர்' எழுத்திலும் பார்த்தார். அவர் தன் வாழ்க்கையில் செய்த ஒரே ஆராய்ச்சி அது. பகைமையைப் போல மனிதனைப் படிக்கவைக்கும் வாத்தியார் வேறு இல்லை.

ஹோல் நிறைந்திருந்தது. வடையும் பிளேன்ரீயும் சுற்றி வந்தன. சண்முகலிங்கம் கோட் போட்டு, யன்னல் சீலைத் தடியைச் சுட்டுகோலாகப் பிடித்து, ரீவிக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னார். தெற்கே பஸ்ஸில் போன பாதை, ஆறு, வெறுங்காலோடு நாஜிகளை விரட்டிய வீர மண். பூனைகள் வந்தபோது ரஷ்யப் பூனைகளின் ஒழுக்கம் பற்றிச் சொன்னார். கூட்டம் மரியாதையாகக் கேட்டது. றொய்சன்கூட, தான் இப்படி ஓர் இடத்தைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்டான். 'மொஸ்கோ அண்ணை மொஸ்கோ அண்ணைதான்' என்று யாரோ சொன்னார்கள். பட்டம் காப்பாற்றப்பட்டுவிட்டது. ஒரு ஐந்து நிமிடத்துக்கு.

பொன்னம்பலம் கதிரையிலிருந்து எழுந்தார். சைக்கிள் சண்டைக் காலத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சகலனின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“அண்ணை,” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் திலகவதியின் கையிலிருந்த தட்டு நின்றுவிட்டது. “உந்தப் படத்துக்குக் கீழை என்ன எழுதிக்கிடக்கெண்டு ஒருக்கா வாசியுங்கோ.”

சண்முகலிங்கம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். மனப்பாடம். ரயரின் ஓசை ஹோலில் தெளிவாக விழுந்தது.

“மொஸ்கோவுக்கு மேற்கே எண்டு கிடக்கு. நீங்கள் தெற்கை போனதெண்டு இப்பத்தான் சொன்னியள்.”

“ஆறு வளைஞ்சு போகுது. பஸ்ஸும் வளைஞ்சுதானே போகும்.”

“உதை எழுதினவன் மெட்றாஸ்காரன், அண்ணை. அவன் எழுதினது ரதத்து ர. நீங்கள் ரயர் ர எண்டு வாசிச்சுப்போட்டியள். ரூசா வேறை, தாரூசா வேறை. நீங்கள் ஊர் மாறிப் போட்டு வந்திருக்கிறியள்.”

சபை ஒரு கணம் அந்த இரண்டு வரிகளையும் எழுத்துக் கூட்டிப் பார்த்தது. பிறகு ஹோல் இரண்டாகப் பிரிந்தது. யாழ்ப்பாணத்தான் ர-வை எப்படியும் வாசிக்க உரித்துடையவன் என்று ஒரு சாரார். இந்தியாக்காரன் எழுதினதை இந்தியாக்காரன் மாதிரித்தான் வாசிக்க வேண்டும் என்று இன்னொரு சாரார். அப்படியென்றால் ரஷ்யாவை உவர் இவ்வளவு காலமும் என்னவென்று வாசித்தார் என்று பின்வரிசையில் பிறிஜ் சண்முகலிங்கம் கேட்டார். சண்முகலிங்கம் தடியை உயர்த்தி, உலகப்படங்கள் அமெரிக்க உளவாளிகளால் அச்சிடப்படுபவை என்று விளக்கத் தொடங்கினார். அது எடுபட்டிருக்கவும் கூடும். ஆனால் வீடியோவை ஒருவரும் நிறுத்தவில்லை. கமராவுக்குள் வலன்ரீனா ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். பொன்னம்பலம் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார்.

மொஸ்கோவிலிருந்து நூறு கிலோமீற்றருக்குள் வசிக்க அனுமதி மறுக்கப்பட்டவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், அரசாங்கத்துக்குப் பிடிக்காதவர்கள் எல்லோரும் இந்தத் தாரூசாவில்தான் வந்து குடியிருந்தார்கள் என்று அவள் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பக்கத்தில் சண்முகலிங்கத்தின் தொப்பி பலமாகத் தலையாட்டியது.

“கேட்டியளே,” என்றார் பொன்னம்பலம். குரலை உயர்த்தவில்லை. “மொஸ்கோவுக்குள்ளை விடாத ஆக்களை இருத்தின ஊராம். உவரும் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறார்.”

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. மறியல் சண்முகலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது அடங்கும் நேரம் பார்த்து, குசினி வாசலில் நின்ற மங்கையற்கரசி, ஒருவரையும் பார்க்காமல் கேட்டார்.

“அப்ப என்ரை அறுபதாம் கலியாணத்தை நிப்பாட்டிப்போட்டு, ஊர் மாறிப் போயோ வந்தனாங்கள்?”

பீக்கிங்கின் தாக்குதலைத் தாங்கியிருக்கலாம். இது உள்வீட்டிலிருந்து வந்தது. சண்முகலிங்கம் யன்னல் சீலைத் தடியை அதன் இடத்தில் திரும்பவும் மாட்டினார். சீலை மாட்டவில்லை, வெறும் தடியை. பிறகு தன் அறைக்குள் போனார். ஆட்கள் வடையை முடித்துவிட்டுப் போனார்கள்.

ரொறன்ரோவில் ஒரு பட்டம் மாறுவதற்கு இரண்டு கலியாணமும் ஒரு மரணவீடும் போதும். மார்கழிக்குள் அவர் தாரூசா சண்முகலிங்கமாகிவிட்டார். பக்கத்து நகரமான பிறம்ரனில் இருப்பவர்களுக்குக்கூட அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. ரெலிபோனில் சிலர் மெனக்கெட்டு எடுத்து, 'அண்ணை, அது ரயர் ர-வோ, ரத ர-வோ?' என்று கேட்டுவிட்டு வைத்தார்கள்.

பொன்னம்பலம் அந்த மாதங்களை வெற்றிவீரனாகக் கழித்தார். தையில்தான் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரு பிறந்தநாள் விழாவில் புதிதாக வந்த ஒருவர் அவரைக் காட்டி யார் என்று கேட்க, பக்கத்தில் நின்றவர், 'உவர்தான் தாரூசாவின்ரை சகலன்' என்றார். பொன்னம்பலம் திருத்தினார். பீக்கிங் பொன்னம்பலம் என்றார். 'அதென்ன பீக்கிங்?' என்று அந்த மனிதர் கேட்டார். இப்போது அந்த ஊருக்குப் பெய்ஜிங் என்றல்லவா பெயர் என்றும் சொன்னார். மொஸ்கோ என்று ஒன்று இருந்தபோது பீக்கிங் என்றால் எல்லோருக்கும் விளங்கியது. மொஸ்கோ போன பிறகு அது வெறும் பழைய எழுத்துக்கூட்டல். அடுத்த வாரம் ஊர்ச்சங்க மலரில் அவருடைய படத்துக்குக் கீழே பட்டமே இல்லை. 'திரு. பொன்னம்பலம், அஜின்கோர்ட்.' அஜின்கோர்ட்டில் எத்தனை பொன்னம்பலம்.

அதன்பிறகு நடந்ததை ஊர் நம்ப மறுத்தது. பொன்னம்பலம் போகுமிடமெல்லாம் சகலனை 'எங்கடை மொஸ்கோ அண்ணை' என்று சத்தமாகக் குறிப்பிடத் தொடங்கினார். ரூசாவும் தாரூசாவும் ஒரே பெரிய பிரதேசம்தான், உலகப்படங்களில் பிழை இருக்கலாம் என்று தானே சொன்னார். மனைவியை மேலே அனுப்பி, அடுத்த கோடையில் சரியான ஊருக்கே ஒருக்கால் போய்வரும்படி தூதுவிட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் மாசி மாதக் குளிரில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு, தானே படியேறி வந்து மேல்வீட்டுக் கதவைத் தட்டினார்.

“மொஸ்கோ அண்ணை, நீங்கள் ஒருக்கா சபையிலை எழும்பி, அண்டைக்கு நான் சொன்னது பிழையெண்டு சொல்லுங்கோ. நான் மறுக்கமாட்டன்.”

சண்முகலிங்கம் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். தன் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில், எதிரியின் கையிலேயே, நீட்டப்பட்டு நிற்பது அவருக்கு விளங்கியது. அதை வாங்கினால் பீக்கிங்கும் கூடவே உயிர்பெறும் என்பதும் விளங்கியது. அந்த நேரம் பார்த்து உள்ளே ரெலிபோன் அடித்தது. அவர் கதவைச் சாத்தாமல் போய் எடுத்தார். படியில் நிற்பவருக்குக் கேட்கும்படி, ரயரும் இல்லாமல் ரதமும் இல்லாமல், அசல் ரஷ்யத் த-வை நாக்கு நுனியில் வைத்து அழுத்தினார்.

“ஓம், தாரூசா சண்முகலிங்கம்தான் கதைக்கிறன்.”

பிறகு வந்து கதவைச் சாத்தினார். சாத்துகிற வழியில், சுவரில் இருந்த விசையை இன்னும் ஒரு பாகை குறைத்துவிட்டார்.